தட்டிப் பார்த்தால் தெரியும்

எழுமலை கேஸ் ஏஜென்சிக்குப்
பதினோரு வருஷமாகத் தோள் கொடுக்கிறேன்.
விரல் முட்டியால் ஒரு தட்டு:
நிறைந்த சிலிண்டர் தொப்பென்று வாயை மூடிக்கொள்ளும்.
காலி சிலிண்டர்
வெகுநேரம் பேசும்.

விருமாயி வீட்டுச் சிலிண்டர் நாலு வருஷம் பேசிற்று.
இலவச இணைப்பு வந்த அன்று
போட்டோவுக்காக அதற்கு மாலை போட்டார்கள்.
அப்புறம் அதன்மேல் ரேஷன் அரிசிப் பை,
பைமேல் பிள்ளையின் கணக்குப் புத்தகம்.
பக்கத்திலேயே மூன்று கல், ஊதாங்குழல்,
ஈரம் காயாத கருவேலம், இருமல்.

அந்தக் கருவேலத்தைத்தான் வெட்டி மூட்டம் போட்டு
லாரி லாரியாகக் கரி அனுப்புகிறார்கள்.
மதுரை பைபாஸ் ஹோட்டல்களில்
கண்ணாடிக்குப் பின்னால் கோழி வாட்ட.
பகலெல்லாம் மூட்டத்தில் கூலிக்கு நின்றவள்
பொழுது சாய, சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருவாள்.
நான் முப்பது சிலிண்டரோடு அவளைத் தாண்டிப் போவேன்.
இரண்டு பேரும் வேறு பக்கம் பார்ப்போம்.

சீட்டை ஆரம்பித்தது சத்துணவுக் கூடத்துத் தனக்கொடி.
மத்தியானம் நூறு பிள்ளைகளுக்கு நீலத் தீயில் ஆக்கிவிட்டு
ராத்திரி தன் பிள்ளைகளுக்குப் புகையில் ஆக்குகிறவள்.
பணச் சீட்டு இல்லை, சிலிண்டர் சீட்டு.
ஆளுக்கு வாரம் நூறு, பத்துப் பேர்,
ஞாயிற்றுக்கிழமை குலுக்கினால்
பெயர் வந்த அடுப்புக்கு ஒன்று.
மிச்சச் சில்லறை, விலை ஏறும் மாதத்துக்கு.

வாங்கலாம்தான், கொண்டுவருவது யார்?
ஒற்றைச் சிலிண்டருக்குத் தார் ரோட்டை விட்டு
வண்டி இறங்காது என்றார் முதலாளி.
டிவிஎஸ்காரன் எண்பது ரூபாய் கேட்டான்.
பத்து இருந்தால் வருவீர்களா என்று கேட்டாள் தனக்கொடி.
பத்துக்கு வருவோம் என்று
சொல்லிவிட்டார், வராது என்ற தைரியத்தில்.

அவள் சின்னக்கரட்டுக்கு நடந்தாள்.
ஊத்துப்பட்டிக்கு, கள்ளிமேட்டுக்கு, நெடுங்குளத்துக்கு.
கண்மாய்த் தண்ணீருக்கு வெட்டுக்குத்தான ஊர்கள்
ஒரே நோட்டில் கையெழுத்துப் போட்டன.
ஐந்து ஊர், ஐம்பது பேர், வாரம் ஐந்து,
பதினைந்து நாளைக்குப் பத்து.
முதலாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

வண்டி திரும்ப இடம் இருந்தது
காலனிச் சமுதாயக் கூடத்து வாசலில் மட்டும்.
'அங்க போயா வாங்கணும்?' என்றது மேலத்தெரு.
முதல் நடையில் ஏழு சிலிண்டர் இறங்கியது.
மூன்று, பணம் கட்டியும் ஆள் வராமல்
வெயிலில் நின்று சூடேறித்
திரும்பிப் போயின என்னோடு.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை.
விறகு, எருவாட்டி, தென்னமட்டை எல்லாம் ஊறிப்போனது.
பத்தாம் நாள் வண்டியை நிறுத்தினேன்.
மேலத்தெரு ஒச்சம்மா
உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்றாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
விருமாயி ஒரு கை பிடித்தாள், ஒச்சம்மா ஒரு கை.
சிலிண்டருக்கு இரண்டு கைதான்.
மேலத்தெரு முனைவரைக்கும் போனார்கள்.
அதற்குமேல் ஒச்சம்மா தனியாக உருட்டிக்கொண்டு போனாள்.
இன்னும் அந்த முனை அங்கேயேதான் இருக்கிறது.

என் வீட்டிலும் இருபது தேதிக்குமேல் விறகுதான்.
தோளில் நெருப்பு சுமக்கிறவன்
இதை யாரிடம் சொல்ல?
தனக்கொடியிடம் சொன்னேன்.
'அம்பது முடிஞ்சுபோச்சு, யாராச்சும் நின்னா சொல்றேன்'
என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

போன வாரம் குலுக்கலில் விருமாயி.
பழைய சிலிண்டரை நகர்த்தினேன்.
நாலு வருஷம் நின்ற இடத்தில்
துரு ஒரு வட்டம் போட்டிருந்தது.
சாம்பல் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை.
மறுபடி தேய்த்தாள்.
'விடுக்கா, இதைவச்சு மறைச்சிடலாம்' என்றேன்.
'வேணாம், தள்ளி வைய்யி' என்றாள்.

வைத்தேன்.
வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினேன்.
தொப்.